பூசினாற்போல் ஒரு முகம்

கைப்பேசியில் இருந்த அக்கா வேறு, கணினித் திரையில் இருந்த அக்கா வேறு. இத்தனைக்கும் ஒரே படம். நான்தான் திரையில் திறந்து பார்த்தேன், நான்தான் கைப்பேசிக்கு அனுப்பினேன், நடுவில் யாரும் கை வைக்கவில்லை. திரையில் அக்கா பூசினாற்போல் இருந்தாள். கன்னம் நிறைந்து, கழுத்தெலும்பு அமுங்கி, ஆபரேஷனுக்கு முன்னால் எங்களையெல்லாம் அதட்டிக்கொண்டு திரிந்த பழைய அக்காவாக உட்கார்ந்திருந்தாள். கைப்பேசியிலோ கன்னம் ஒட்டி, தாடை நீண்டு, கண்ணுக்குக் கீழே குழி விழுந்திருந்தது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து மாற்றி மாற்றிப் பார்த்தேன்.

“அனுப்பிட்டியாடி?” என்று தடுப்புக்கு அந்தப் பக்கமிருந்து அக்கா கேட்டாள். எங்கள் ஸ்டூடியோவின் முன்னறையில், படமெடுக்க வருகிறவர்கள் தலை வாரிக்கொள்ளும் கண்ணாடிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தாள்.

“இதோ, போயிட்டே இருக்குக்கா. நெட்டு கொஞ்சம் மெதுவா இருக்கு” என்றேன். கூசாமல் பொய் சொல்வது எனக்கு எப்போதுமே கைவந்த கலை.

அக்காவுக்கு ஒரே மகன். வெளிநாட்டில், கப்பல்களைப் பழுதுபார்க்கும் ஒரு தளத்தில் பயிற்சியில் இருக்கிறான். பாதி முடிந்திருக்கிறது. அக்காவுக்கு வயிற்றில் ஆபரேஷன் ஆனபோது அவனால் வர முடியவில்லை. அதற்குப் பிறகு ஆஸ்பத்திரியிலேயே விட்டு விட்டு வந்த காய்ச்சலில் அவள் எலும்பும் தோலுமாகிப் போனதை நாங்கள் அவனிடம் பூசி மெழுகித்தான் சொன்னோம். அவன் வீடியோவில் அழைத்தால், அக்கா கைப்பேசியை மடியில் மல்லாக்கப் போட்டுக்கொண்டு பேசுவாள். முகத்தைக் காட்டினால் பிள்ளை பயந்துவிடுவானாம். மாதக்கணக்கில் அவன் பார்த்ததெல்லாம் அக்கா வீட்டு மின்விசிறியைத்தான். “சித்தி, ஃபேன் நல்லா சுத்துது. அம்மா எப்படி இருக்காங்க?” என்று என்னிடம் ஒருமுறை கேட்டான். அன்றைக்குச் சிரித்துக்கொண்டு கேட்டவன் நேற்று சிரிக்கவில்லை. “ஒரு போட்டோவாவது அனுப்புங்க சித்தி. அம்மா தேறிட்டாங்கன்னு என் கண்ணால பாக்கணும். இல்லன்னா விலகறேன்னு எழுதிக் குடுத்துட்டுக் கிளம்பி வந்துடுவேன்” என்றான். அடுத்த வருடமும் தொடர்கிறானா இல்லையா என்று இன்று மாலைக்குள் அவன் அங்கே சொல்லியாக வேண்டும். பாதியில் விட்டு வந்தால் மறுபடி சேர்த்துக்கொள்ள மாட்டார்கள். கிளம்பி வருவேன் என்று அவன் சொன்னதைக் கேட்டதிலிருந்து அக்காவுக்குச் சோறு இறங்கவில்லை.

அவளைப் படமெடுக்கச் சம்மதிக்க வைப்பதற்குள் எனக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. காலையில் வந்தாள். படமெடுத்தவர் என் வீட்டுக்காரர். தெருவில் யாரும் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை, ‘ஒன்மோர்’ என்றால்தான் தெரியும். எடுத்த படம் எவ்வளவு நன்றாக இருந்தாலும் “ஒன் மோர்” சொல்லாமல் மனிதருக்குத் தூக்கம் வராது. படத்தைத் திரையில் திறந்த உடனே நான் கத்தியே விட்டேன். “அக்கா, உனக்குக் கன்னம் வந்துடுச்சு.” அவள் எழுந்து வந்து என் தோளைப் பிடித்துக்கொண்டு குனிந்து பார்த்தாள். திரையைப் பார்த்துக்கொண்டே தன் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தாள். “ஆமா இல்ல?” என்றாள். பிறகு சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து எவ்வளவு நாளாயிற்று. அந்தச் சிரிப்பைத்தான் இப்போது இந்தக் கைப்பேசி பிடுங்கிக்கொண்டு நின்றது.

எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பின்னறையில், படத்துக்குப் பின்னணியாகத் தொங்கும் திரைச்சீலையை உதறிக்கொண்டிருந்த ஒன்மோரைச் சைகை காட்டிக் கூப்பிட்டேன். வந்து பார்த்தார்.

“உன் போன் சரியில்ல போல” என்றார். படத்தைத் தன் கைப்பேசிக்கு வாங்கிப் பார்த்தார். அதைச் சட்டையில் ஒருமுறை துடைத்துப் பார்த்துவிட்டு, “என் போனும் சரியில்ல போல” என்றார்.

திரை மங்கலாக இருக்கிறது என்று இரண்டு மாதமாக நான் புலம்பாத நாளில்லை. எழுத்தெல்லாம் ஈரத்தில் ஊறினாற்போல் ஓரம் கலங்கித் தெரியும். ஆஸ்பத்திரியில் அக்காவோடு இருந்துவிட்டுக் கடைக்குத் திரும்பிய நாளிலிருந்தே அப்படித்தான். தூங்காத கண் என்று முதலில் நினைத்தேன். பிறகு கண் டாக்டரிடம் போய்ப் புதுக் கண்ணாடி மாட்டிக்கொண்டேன். எதிர்க்கடைப் பலகையில் இருக்கும் பொடி எழுத்துகூடப் பளிச்சென்று தெரிந்தது, திரை மட்டும் மங்கலாகவே இருந்தது. அதில் எல்லாமே கொஞ்சம் பெரிதாகத் தெரிந்ததற்கு, இவர்தான் தன் வசதிக்கு எதையோ மாற்றி வைத்திருக்கிறார் என்று மனதுக்குள் நாலு திட்டுத் திட்டிவிட்டு விட்டுவிட்டேன். நேரில் திட்டியிருந்தால் அன்றைக்கே உண்மை வெளிவந்திருக்கும்.

இப்போது முறையாகத் தேட ஆரம்பித்தோம். திரையை மெல்லிய துணியால் துடைத்தோம். பலனில்லை. கேபிளைக் கழற்றி வேறு கேபிள் மாட்டினோம். அப்போதும் மங்கல்தான். முன்னறையில் பில் போடும் மேசையிலிருந்து மானிட்டரை ஒன்மோர் தூக்கிக்கொண்டு வந்தார். “அது எதுக்கு தம்பி?” என்று அக்கா கேட்டதற்கு, “தூசி தட்டணும்க்கா” என்று மென்று விழுங்கினார். அந்த மானிட்டரிலும் அக்கா கன்னம் நிறைந்து, ஓரம் கலங்கி உட்கார்ந்திருந்தாள். ஆக, மானிட்டர் மேல் குற்றமில்லை. பழையதையே திரும்ப மாட்டினோம்.

அப்போதுதான் ஒன்மோர் படத்தின் கீழ் மூலையில் விரலை வைத்தார். எங்கள் ஸ்டூடியோவின் முத்திரை அங்கே இருக்கும், வட்டத்துக்குள் ஒரு கேமரா. “இது வட்டமா?” என்றார். நான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டு பார்த்தேன். படுக்க வைத்த முட்டையாக இருந்தது. ஒரு நாளைக்கு எத்தனை படத்தில் இந்த முத்திரையை வைக்கிறேன், ஒருநாளும் அது என் கண்ணில் படவில்லை. வட்டம் முட்டையானால் முகம் என்ன ஆகும். திரை எல்லாவற்றையும் பக்கவாட்டில் இழுத்து வைத்திருக்கிறது. அக்காவுக்குக் கன்னம் வரவில்லை, திரைதான் கொடுத்திருக்கிறது.

அதோடு போயிற்றா. ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய புதிதில், திரையில் பார்க்கிற முகமெல்லாம் எனக்குக் கொழுகொழுவென்று தெரிந்தது. அக்காவின் ஒட்டிய முகத்தையே நாள் முழுக்கப் பார்த்துப் பழகிவிட்ட கண்ணுக்கு ஊரே குண்டாகத் தெரிவதில் என்ன ஆச்சரியம் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். வருகிறவர்கள் வருத்தப்படக் கூடாதே என்று, அடையாள அட்டைப் படங்களை மட்டும் விட்டுவிட்டு, மற்ற எல்லோரையும் பக்கவாட்டில் ஒரு பிடி குறுக்கினேன். மங்கலாக இருந்ததால் கூர்மையையும் ஏற்றிவிட்டேன். இரண்டு மாதமாக இந்தத் தெருவையே இளைக்க வைத்திருக்கிறேன். நான் தொடாமல் விட்ட ஒரே முகம் அக்காவுடையது. நிறைந்த கன்னத்தை யாராவது குறைப்பார்களா.

“பிரின்ட்டெல்லாம் நீங்கதானே எடுத்துக் குடுத்தீங்க. ஒல்லியா வருதுன்னு சொல்ல வேண்டாமா?” என்று பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டேன்.

“நீ வேணும்னே பண்றேன்னு நெனச்சேன். யாரும் குறை சொல்லல. பேக்கரிக்காரர் அவர் படத்தப் பெருசாக்கிக் கல்லாவுக்குப் பின்னாடியே மாட்டியிருக்கார்.”

“அது அவர் மாதிரியாங்க இருக்கு?”

“அவர் தம்பி மாதிரி இருக்கு” என்று அசடு வழிந்தார்.

வேறு நேரமாக இருந்தால் சிரித்திருப்பேன். முன்னறையில் டீக் குவளையைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது. “இன்னுமாடி போகுது?” என்றது அக்காவின் குரல்.

ஒன்மோர் குரலைத் தாழ்த்தினார். “பேசாம அக்கா படத்தக் கொஞ்சம் அகலமாக்கி அனுப்பிடு. ஊருக்கெல்லாம் செஞ்சதுதானே. இது அதுக்குத் திருப்பிப் போட்டது, அவ்வளவுதான்.”

சொல்லி முடிப்பதற்குள் என் கை மவுஸில் இருந்தது. எனக்கும் அதே எண்ணம்தான். படத்தைப் பிடித்து ஒரு இழு இழுத்தேன். திரையில் அக்கா பூசணிக்காயாக ஊதினாள். சரி, கொஞ்சம் குறைத்தேன். இது போதுமா, கூடவா, எப்படித் தெரியும்? கைப்பேசிக்கு அனுப்பிப் பார்த்தேன், யாரோ ஒரு அத்தை மாதிரி இருந்தாள். மறுபடி குறைத்து அனுப்பினேன், பல்வலிக்காரி மாதிரி இருந்தாள். பொய் சொல்வதற்குக்கூட ஒழுங்கான திரை வேண்டும் என்று அப்போதுதான் தெரிந்தது. மவுஸை விட்டுவிட்டுத் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டேன்.

கம்ப்யூட்டர் மெக்கானிக்குக்குப் போன் போட்டோம். அவர் எங்கேயோ பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தார். “டிஸ்ப்ளே செட்டிங்ஸைத் திறந்து, திரையோட அளவு என்னன்னு பாருங்க” என்றார். பார்த்தோம். எங்கள் மானிட்டருக்கு உரிய அளவு அந்தப் பட்டியலிலேயே இல்லை, சின்ன அளவுகள் மட்டும்தான் இருந்தன. “அப்ப கிராஃபிக்ஸ் கார்டு படுத்துடுச்சு. திரைக்குப் படம் போட்டுக் குடுக்கறதே அதுதான். அது இல்லன்னா கம்ப்யூட்டர் கைவசம் இருக்கற சின்ன அளவுலயே ஒப்பேத்தும். சதுரமான சின்ன அளவ அகலமான திரைக்கு இழுத்து ஒட்டினா மங்கலாவும் தெரியும், அகலமாவும் தெரியும். முன்னாடி ஏதாவது தகராறு பண்ணுச்சா?”

நான் ஒன்மோரைப் பார்த்தேன். அவர் முகத்தில் ஈயாடவில்லை.

“நீ ஆஸ்பத்திரியில இருந்தப்ப, ஒரு நாள் திரை முழுக்கக் கோடு கோடா வந்து இருட்டாயிடுச்சு” என்றார். “ஆஃப் பண்ணி ஆன் பண்ணேன். என்னமோ கேட்டுச்சு. ஓகே குடுத்தேன். வந்துடுச்சு.”

“என்ன கேட்டுச்சு?”

“படிச்சாத்தானே தெரியும்.”

கணினியை அணைத்து, பெட்டியின் பக்கத் தகட்டைக் கழற்றினோம். உள்ளே இருட்டாக இருந்தது. கைப்பேசி விளக்கைப் பிடிக்க எனக்கு மூன்றாவது கை இல்லை. “இங்க குடு” என்று ஒரு கை நீண்டு அதை வாங்கிக்கொண்டது. அக்கா. எப்போது வந்து நின்றாள் என்று தெரியவில்லை.

இனி மறைத்து என்ன செய்வது. சொன்னேன். திரை கெட்டுப் போயிருக்கிறது அக்கா, எல்லாரையும் அகலமாகக் காட்டியிருக்கிறது, காலையில் நாம் பார்த்த கன்னம் நிஜமில்லை. அக்கா பிடித்திருந்த வெளிச்சம் கொஞ்சம் ஆடியது. பிறகு மறுபடி நேராக நின்றது.

“அப்ப நான்தான் அவசரப்பட்டுட்டேன்” என்றாள். “சரி, என்ன பாக்கணுமோ பாருங்க. வெளிச்சம் போதுமா தம்பி?”

கிராஃபிக்ஸ் கார்டின் மேல் சின்ன விசிறி ஒன்று இருந்தது. இருந்தது என்று நம்பித்தான் தெரிந்துகொள்ள வேண்டும், அவ்வளவு பஞ்சு. எங்கள் பின்னறைத் திரைச்சீலையின் நிறத்திலேயே இருந்தது. இவர் நாள்தோறும் உதற உதற, அதெல்லாம் வந்து குடியேறிய இடம் இதுதான். விசிறி நின்று, கார்டு சூடேறி, ஒரு நாள் கண்ணை மூடிக்கொண்டுவிட்டது. மெக்கானிக் சொன்னபடி கார்டை மெதுவாக உருவி எடுத்தோம். ஒன்மோர் தன் லென்ஸைச் சுத்தம் செய்யும் ரப்பர் உருண்டையால் காற்றை அடித்து, லென்ஸ் தூரிகையால் இதழ் இதழாகப் பஞ்சை எடுத்தார். எனக்கு ஒருநாளும் காட்டாத பொறுமையை அந்த விசிறிக்குக் காட்டினார். கார்டின் தங்க நிற ஓரத்தை நான் பென்சில் அழிப்பானால் மெல்லத் தேய்த்தேன். அக்கா விளக்கோடு குனிந்து, “அந்த மூலையில இன்னும் இருக்கு பாரு” என்று அதட்டினாள். அதட்டல் மட்டும் பழைய அக்காவுடையதாகவே இருந்தது.

கார்டை அதன் இடத்தில் வைத்து அழுத்தியபோது சின்னதாக ஒரு சத்தம் வந்தது. ஆன் செய்தோம். விசிறி ஒரு முறை தயங்கி, பிறகு சுற்றியது. திரை இன்னும் மங்கலாகத்தான் வந்தது. கார்டுக்குரிய டிரைவர் மென்பொருளைத் திரும்பப் போட வேண்டும் என்று மெக்கானிக் சொல்லியிருந்தார். போட்டேன். பாதியில் திரை சட்டென்று இருண்டது. “எதையும் ஓகே குடுத்துடாதீங்க” என்றேன் ஒன்மோரிடம். அவர் கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்.

வெளிச்சம் வந்தது. எழுத்துகள் ஊசியால் கீறினாற்போல் நின்றன. முட்டை வட்டமாகியிருந்தது. அக்கா படத்தைத் திறக்க எனக்குக் கை வரவில்லை. அவளே, “திறடி” என்றாள்.

கைப்பேசியில் இருந்த அதே அக்கா. ஒட்டிய கன்னம், நீண்ட தாடை, ஒவ்வொரு கோடும் தெளிவாக. அக்கா அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். “மூடிடு” என்றாள். “ஏதாவது சாக்கு சொல்லிக்கலாம். அவன் வரட்டும். என்ன பண்றது.” சுடிதார்ச் சட்டைக்கு மேல் கிடந்த துப்பட்டாவை முந்தானைபோல் இழுத்து வாயைத் துடைத்துக்கொண்டு திரும்பினாள்.

“அக்கா, ஒரு நிமிஷம்” என்றார் ஒன்மோர். என்னைத் தள்ளச் சொல்லிவிட்டு மவுஸைப் பிடித்தார். படமெடுப்பதும் பிரின்ட் போடுவதும்தான் அவர் வேலை, அந்த மேசையில் அவர் மவுஸைப் பிடிப்பதே அபூர்வம். பழைய படங்களில் துழாவி ஒன்றைத் திறந்து, இப்போதைய படத்துக்குப் பக்கத்தில் வைத்தார். ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த வாரத்தில், மருத்துவ அட்டைக்காக இதே நாற்காலியில் எடுத்த படம். அடையாளப் படம் என்பதால் நான் தொடாதது.

“நாற்காலி நிக்கற எடத்துல தரையில டேப் ஒட்டியிருக்கேன், கேமரா நிக்கற எடத்துலயும் ஒட்டியிருக்கேன். அதே லென்ஸு, அதே லைட்டு. ஒரு அங்குலம் மாறல. இப்ப சொல்லுங்க” என்றார்.

எனக்குச் சட்டென்று எதுவும் தோன்றவில்லை. இரண்டு படத்திலும் மெலிந்த ஒரு பெண் இருந்தாள். அக்காதான் முதலில் திரைக்குப் பக்கத்தில் போனாள். இடது பக்கத்துப் பழைய படத்தில், சட்டைத் தோளின் ஓரத்தில் எதையோ தொட்டாள்.

“ஊக்கு” என்றாள்.

ஆமாம், ஊக்கு. இந்தத் தெளிவில்தான் அதெல்லாம் தெரிந்தது. அன்றைக்கு அவளுடைய சட்டை தோளிலிருந்து வழியாமல் இருக்க, இரண்டு தோளிலும் மடித்து ஊக்குக் குத்தியிருந்தாள். கழுத்துக்குப் பின்னாலும் ஒன்று, அதன் முனை மட்டும் மின்னியது. வலது பக்கத்துப் படத்திலும் அதே சட்டைதான். தோளில் ஊக்கு இல்லை. தையல், தோள் எங்கே முடிகிறதோ அங்கேயே நின்றது.

“இன்னைக்குப் போடும்போது ஊக்கத் தேடவே இல்லடி” என்றாள் அக்கா. தனக்குத்தானே சொல்லிக்கொள்வதுபோல் இருந்தது. “தேடணும்னு தோணவே இல்ல.” பிறகு பழைய படத்தின் கண்ணுக்குக் கீழே விரலை வைத்தாள், புதிய படத்தின் கண்ணுக்குக் கீழே வைத்தாள். பள்ளம் இருந்தது, ஆனால் அந்தப் பள்ளம் இல்லை. உதட்டில் வெடிப்பு ஆறியிருந்தது. “கொஞ்சம்தான்” என்றாள்.

“கொஞ்சம்தான்கா” என்றேன். “ஆனா இது நெசம்.” எனக்கு அழுகை வந்துவிட்டது. காலையில் அந்தக் கொழுத்த முகத்தைப் பார்த்து வந்த சந்தோஷத்தைவிட, இந்தக் கொஞ்சத்தைப் பார்த்து வந்த சந்தோஷம் கனமாக இருந்தது.

அக்கா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். “ரெண்டையும் சேத்து அனுப்பு. எதையும் இழுக்காத, குறுக்காத. முதல்ல பழசு, அப்புறம் புதுசு. அவன் கப்பல் ரிப்பேர் பாக்கறவன்தானே, எது தேறியிருக்குன்னு பாக்கத் தெரியும்.”

“ஒன் மோர் எடுத்துடலாமாக்கா? கொஞ்சம் சிரிச்ச மாதிரி” என்று ஒன்மோர் ஆரம்பித்தார். நானும் அக்காவும் ஒரே நேரத்தில் அவரைப் பார்த்த பார்வையில் பில் மேசை மானிட்டரைத் தூக்கிக்கொண்டு முன்னறைக்குப் போய்விட்டார்.

இரண்டு படங்களும் போய்ச் சேர்ந்தன. அவன் பார்த்துவிட்டான் என்பதற்கான அடையாளம் வந்தது. அதன் பிறகு எதுவும் வரவில்லை. அக்கா கைப்பேசியை மடியில் வைத்துக்கொண்டு, தோள் தையலை விரலால் தடவிக்கொண்டே இருந்தாள். பெட்டிக்குள் சின்ன விசிறி சுற்றும் சத்தம் கேட்டது. இரண்டு மாதமாக அந்தச் சத்தம் இல்லாமல் இருந்ததுகூட எனக்குத் தெரிந்திருக்கவில்லை.

கைப்பேசி அதிர்ந்தது. வீடியோ அழைப்பு. பழக்கதோஷத்தில் அக்கா அதை மடியிலேயே மல்லாக்க வைத்துக்கொண்டு பொத்தானைத் தொட்டாள். அந்தப் பக்கம் இரும்பை இரும்பால் தட்டும் ஓசைக்கு நடுவே அவன் முகம் வந்தது. தலையில் கவசம் இருந்தது, கண் சிவந்திருந்தது.

“இது புது ஃபேனா இருக்கே” என்றான்.

“உங்க சித்தி கடையில இருக்கேன்” என்றாள் அக்கா. “ரெண்டும் பாத்தியா?”

“பாத்தேன்.” தலைக் கவசத்தைக் கழற்றினான். “ஆபீஸ்ல இன்னும் எதுவும் சொல்லல. சாயங்காலம் வரைக்கும் நேரம் இருக்கும்மா.”

அக்கா என்னைப் பார்த்தாள். கைப்பேசித் திரையின் மூலையில் இருந்த சின்னக் கட்டத்தில் எங்கள் கடை மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. அவள் இரண்டு கையாலும் கைப்பேசியைப் பிடித்து மெல்ல நிமிர்த்தினாள். கட்டத்துக்குள் மின்விசிறி நகர்ந்து வெளியே போனது, சுவர் வந்தது, சுவரும் போனது. அவளுடைய வகிடு தெரிந்தது, பிறகு நெற்றி.